பொருள்: தெர்மல் மாஸ் – ‘வெப்ப நிறை’ வேண்டாம், ‘வெப்பத்தேக்கி’ என்போம்

அனைவருக்கும் வணக்கம்.

‘தெர்மல் மாஸ்’, அதாவது சுவரும் தரையும் சூட்டை வாங்கி வைத்திருந்து பிறகு மெல்ல விடும் தன்மை, இதற்குத் தமிழில் என்ன சொல் வைக்கலாம் என்று நம் குழுவில் ஓடும் இழையை இன்றுதான் முழுதாகப் படிக்க முடிந்தது. கோத்தகிரியில் மூன்று நாளாக மழை, மின்சாரம் வருவதும் போவதுமாக இருந்தது.

எனக்கு இந்தச் சொல் உடனே வேண்டியிருக்கிறது. மச்சினர் ஜெய்சல்மேர் பக்கம் காற்றாலை வேலையில் இருக்கிறார். அங்கேயே வீடு கட்டுகிறார்கள், வரைபடம் போட்டுக் கொடுத்தது நான். அவர்களோடு இருக்கப்போகிற அத்தை போனில் கேட்டார்: “எந்த ஜன்னலை எப்போ தெறக்கணும், எப்போ சாத்தணும், ஏன்னு தமிழ்ல எழுதிக் குடுங்க மாப்ளே.” நியாயமான கேள்வி. பாலைவன வீட்டை நடத்துவது உள்ளே இருப்பவர்தான். எழுத உட்கார்ந்தால் இரண்டாவது வரியிலேயே தெர்மல் மாஸ் வந்து நின்றது.

> மாஸ் என்றால் பாடநூலில் நிறை. ‘வெப்ப நிறை’ என்று வைத்துவிட்டுப் போகலாமே.

ஐயா, அந்தச் சொல் ஆளைத் தவறான பக்கம் இழுத்துக்கொண்டு போகும் என்பதுதான் என் பயம். நிறை என்றதும் கனமாகக் கட்டினால் சரி என்று தோன்றும். ஒரு கிலோ தண்ணீரை ஒரு டிகிரி சூடாக்க 4.2 கிலோஜூல் வேண்டும். ஒரு கிலோ கருங்கல்லுக்கு 0.8 அளவு போதும், இரும்புக்கு 0.45 தான். நிறை ஒன்றே, பிடிக்கும் சூடு மட்டும் பல மடங்கு வேறுபடுகிறது. அப்புறம், கனமான இரும்பு வாங்கிய வேகத்திலேயே சூட்டை விட்டும்விடும். நமக்கு வேண்டிய கருத்து கனமே இல்லை. பகலில் வாங்கி, வைத்திருந்து, பிறகு விடுவது.

> எங்கள் பக்கம் மாஸுக்குத் திணிவு என்போம். வெப்பத்திணிவு?

இலங்கை நண்பருக்கு நன்றி. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அதிலும் அதே சிக்கல்தான், ‘எவ்வளவு அடைத்திருக்கிறது’ என்பது மட்டுமே தெரிகிறது. திரும்ப வெளியே வரும் என்பது தெரியவில்லை.

எங்கள் வீடு பழைய கல் கட்டடம். கணப்பைச் சுற்றிக் கருங்கல். இந்த மழையில் கொடியில் போட்ட துணி நாலு நாளானாலும் காய்வதில்லை. அதனால் ராத்திரி நெருப்பு தணிந்ததும் மகனின் பள்ளிக்கூடக் காலுறைகளை அந்தக் கல்விளிம்பில் வரிசையாகப் போட்டுவிடுவாள் என் மனைவி. விடிகிறபோது கணப்பில் வெறும் சாம்பல்தான் இருக்கும், கல் மட்டும் வெதுவெதுவென்று இருக்கும், காலுறை காய்ந்திருக்கும். எங்கள் கொத்தனாரிடம் இதற்கு என்ன சொல்வீர்கள் என்று கேட்டேன். “கல்லு சூட்டைத் தேக்கி வெச்சுக்கும் சார், அப்புறமா கொஞ்சங் கொஞ்சமா விடும்” என்றார். மேட்டூர் அணையையோ பைக்காரா அணையையோ பார்த்த எவரும் சொல்லக்கூடிய சொல். மழைக்காலத்தில் தேக்கி, வேண்டும்போது திறந்துவிடுவது.

அதைக் கேட்டதும் மின்தேக்கி நினைவுக்கு வந்தது. பன்னிரண்டாம் வகுப்பு இயற்பியல் படித்த அத்தனை பேருக்கும் தெரிந்த சொல். இது வெறும் ஒலி ஒற்றுமையும் அல்ல. கட்டடத்துக்குள் வெப்பம் போய்வருவதைக் கணக்கிடும் பொறியாளர்கள் சுவரை ஒரு மின்சுற்றாகவே வரைகிறார்கள். சூட்டைப் பிடித்து வைக்கும் பகுதி அதில் கப்பாசிட்டர் (மின்தேக்கி), சூட்டை மறிக்கும் பகுதி ரெசிஸ்டர் (மின்தடை). ஆகவே முன்னதை வெப்பத்தேக்கி என்றும் பின்னதை வெப்பத்தடை என்றும் சொன்னால் தமிழில் படிப்பவருக்கு அந்தக் கணக்கே சொல்லுக்குள் கிடைத்துவிடும். இதை விட்டுக்கொடுக்க எனக்கு மனமில்லை.

இரண்டையும் பிரித்துச் சொல்வது அவசியம். இங்கே தோடர்களின் பழைய வளைகூரை வீட்டில் மூங்கில், பிரம்பு, புல், தவழ்ந்து நுழையும் சின்ன வாசல். கனம் என்று பெரிதாக ஒன்றுமில்லை, ஆனாலும் நீலகிரிக் குளிரைத் தாங்குகிறது. தடித்த புல்லும் சின்ன வாசலும் உள்ளிருக்கும் சூட்டை வெளியே விடாததால். அது வெப்பத்தடையின் வேலை. ஜெய்சல்மேரின் மஞ்சள் மணற்கல் சுவர் செய்வது தேக்கியின் வேலை. அங்கே மே மாதப் பகல் 40 டிகிரியைத் தாண்டும், விடியற்காலையில் 25-ஐ ஒட்டி இறங்கும். இந்த ஏற்ற இறக்கம் இருந்தால்தான் தேக்கி பலன் தரும், ராத்திரி காலியாக வேண்டுமே. சென்னையில் மொட்டைமாடிக்கு நேர் கீழே படுத்தவர்களைக் கேளுங்கள். வெளியே காற்று குளிர்வதே இல்லை, காங்கிரீட் தளம் பகலெல்லாம் வாங்கிய சூட்டை நள்ளிரவு வரைக்கும் தலையில் இறக்கும். ‘வெப்ப நிறை அதிகமுள்ள வீடு நல்ல வீடு’ என்று எழுதினால் கடலோரத்தில் ஒருவர் நம்பிக் கட்டிவிடுவார். தேக்கி என்றால், நிரம்பினால் எங்கே வடியும் என்ற கேள்வி தானாக வரும்.

> வெப்பத்தேக்கி என்றால் சூரிய மின்நிலையத்து உருகிய உப்புத் தொட்டி மாதிரி ஒரு கருவி என்று நினைக்க மாட்டார்களா?

நினைக்கலாம் அக்கா. அதற்கு ‘வெப்பச் சேமிப்புக் கலன்’ என்று தனியாக வைத்துக்கொள்ளலாம். சுவர், தரை, தளம் ஆகியவை தேக்கிகள். தேக்கும் அளவைச் சொல்ல இயற்பியலில் வெப்ப ஏற்புத்திறன் ஏற்கெனவே இருக்கிறது, அதைத் தொட வேண்டாம்.

இன்னொரு சொல் பாக்கி: டைம் லேக். ஓரடி தடிமனுள்ள செங்கல் அல்லது மண் சுவரில் வெளிப்பக்கச் சூடு உள்பக்கம் வந்து சேர ஏறக்குறைய எட்டிலிருந்து பத்து மணி நேரம் ஆகும். நான் ‘வெப்பச் சுணக்கம்’ என்று எழுதியிருக்கிறேன். சுணக்கம் என்றால் சோம்பல், வேலை நடக்காமை என்ற வாடை அடிக்கிறது என்பது தெரியும். இங்கே சுணங்குவதுதான் நன்மை, அதனால் சற்று உறுத்துகிறது. ‘பின்னடைவு’ தோல்வி மாதிரி ஒலிக்கிறது. ‘தாமதம்’ எளிமைதான், ஆனால் தொடர் நடுவே கலைச்சொல்லாக நிற்கவில்லை. இதைவிட நல்லது தோன்றினால் சொல்லுங்கள், மாற்றிக்கொள்கிறேன்.

அத்தைக்கு எழுதிய பத்தி இப்போதைக்கு இப்படி இருக்கிறது. அவர் வயதுக்காரர்கள் யாராவது படித்துப் பார்த்து, எங்கே தட்டுகிறது என்று சொன்னால் உதவியாக இருக்கும்:

“இந்த வீட்டின் கல்சுவர்கள் ஒரு வெப்பத்தேக்கி. கூரைமேல் போட்டிருப்பது வெப்பத்தடை. மேற்குச் சுவரில் சாயங்காலம் நாலு மணிக்கு ஏறும் சூடு, வெப்பச் சுணக்கத்தால் நள்ளிரவுக்கு மேல்தான் உள்ளே வரும். அதற்குள் வெளியே குளிர்ந்திருக்கும். படுக்கப்போகும்போது முற்றத்து ஜன்னல்களையும் மாடிக் கதவையும் திறந்து வையுங்கள். காலையில் வெயில் முற்றத்தில் இறங்கும் முன் எல்லாவற்றையும் சாத்திவிடுங்கள்.”