ஒரே நிரல், இரு கணினிகள்: ஷட்டர் திறக்கும் நேரம் மாறுவது ஏன்?

கேள்வி – ஆய்வு மாணவி, கிண்டி

வணக்கம். செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து திறக்கப்படும் உபரிநீரால் அடையாற்றின் மட்டம் எவ்வாறு உயரும் என்பதைக் கணக்கிட சி மொழியில் ஒரு நிரல் எழுதியுள்ளேன். ஏரியின் நீர்மட்டம் 22 அடியைத் தொட்டதும் ஷட்டர் திறப்பதாக விதி வைத்திருக்கிறேன். ஆய்வகத்தின் 64 பிட் இன்டெல் கணினியிலும் என் ஏஆர்எம் மடிக்கணினியிலும் லினக்ஸ், ஜிசிசி கம்பைலர், உள்ளீட்டுக் கோப்பு எல்லாம் ஒன்றே. மாறிகள் அனைத்தும் டபுள் வகை (பின்ன எண்களைச் சுமார் 16 இலக்கத் துல்லியத்தில் வைக்கும் 64 பிட் வடிவம்). இருந்தும் தொடக்கத்தில் 16ஆம் இலக்கத்தில் தோன்றும் வேறுபாடு மெல்ல வளர்ந்து, மடிக்கணினியில் ஷட்டர் ஒரு காலப்படி தாமதமாகத் திறக்கிறது. எந்தக் கணினியை நம்புவது?

பதில் – மென்பொருள் பொறியாளர், தரமணி

இரண்டுமே பின்ன எண் கணக்கீட்டுக்கான ஐஇஇஇ 754 தரத்தைப் பின்பற்றுபவைதான். ஏஆர்எம் 64 பிட் செயலியில் பெருக்கலையும் கூட்டலையும் ஒரே கட்டளையில் செய்யும் எஃப்எம்ஏ அடிப்படையிலேயே உள்ளது; ஜிசிசி தானாகவே அதைப் பயன்படுத்தும். இன்டெலுக்கு நீங்கள் தனியே கேட்டால் ஒழியப் பயன்படுத்தாது. எஃப்எம்ஏ விடையை ஒரே ஒரு முறை முழுமையாக்கும், அதாவது டபுள் வகையில் கொள்ளும் இலக்கங்களுக்குள் சுருக்கும். தனித்தனியாகச் செய்தால் இரண்டு முறை. 0.1-ஐ 10-ஆல் பெருக்கி 1-ஐக் கழித்துப் பாருங்கள்: இன்டெலில் சரியாக 0 வரும், எஃப்எம்ஏவில் ஏறத்தாழ 5.55 × 10⁻¹⁷ வரும். எண்களை உள்ளீடாகப் பெறுங்கள். நிரலிலேயே எழுதினால் கம்பைலரே முன்கூட்டிக் கணக்கிட்டுவிடும். இரு கணினிகளிலும், கம்பைலர் தானாக எஃப்எம்ஏவாக இணைப்பதைத் தடுக்கும் '-எஃப்எஃப்பி-கான்ட்ராக்ட்=ஆஃப்' தெரிவைக் கொடுத்துத் தொகுத்துப் பாருங்கள்.

மாணவி

மிக்க நன்றி ஐயா. பெரும்பாலான வேறுபாடு மறைந்துவிட்டது. ஆற்றின் ஓட்ட வேகத்தைத் தரும் மேனிங் சூத்திரத்தில் நீரியல் ஆரத்தின் (நீரோட்டத்தின் குறுக்குவெட்டுப் பரப்பை நனைந்த சுற்றளவால் வகுத்தது) 2/3 அடுக்கைக் கணக்கிடும் வரியில் மட்டும் கடைசி இலக்கம் இன்னும் மாறுகிறது.

பதில் – ஓய்வுபெற்ற பேராசிரியர், அடையாறு

அந்த வரியில் அடுக்கைக் கணக்கிடும் பவ் சார்பு இருக்கும் அம்மா. கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல், வர்க்கமூலம் ஆகியவற்றின் விடை சரியாக முழுமையாக்கப்பட வேண்டும் என்று ஐஇஇஇ 754 கட்டாயப்படுத்துகிறது. அடுக்கு, மடக்கை, சைன் போன்றவற்றுக்கு அது பரிந்துரை மட்டுமே. ஆகவே அவை கணித நூலகத்துக்கு நூலகம், பதிப்புக்குப் பதிப்பு மாறலாம். லினக்ஸில் வழக்கமான சி நூலகமான ஜிலிப்சியின், 2018இல் வந்த 2.28 பதிப்பில் பவ் சார்பே புதிதாக எழுதப்பட்டது. இரு கணினிகளின் ஜிலிப்சி பதிப்புகளை ஒப்பிடுங்கள். பிட் அளவில் ஒற்றுமை தேவையென்றால் சரியான முழுமையாக்கலைத் தரும் கோர்-மேத் நூலகத்தை இரண்டிலும் இணைக்கலாம்.

ஆனால் எனக்குக் கவலை தருவது அந்த 22 அடி விதி. 10⁻¹⁶ அளவிலான வேறுபாடு வெள்ளக் கணக்கில் ஒரு பொருட்டே அல்ல. 'தொட்டதா, இல்லையா' என்ற ஒப்பீடுதான் அதை ஒரு முழுப் படியாகப் பெருக்குகிறது. மழை அளவீட்டின் பிழையே இதைவிடப் பல மடங்கு பெரியது என்பதால், அவ்வளவு நுண்ணிய மாற்றத்துக்கே தடம் மாறும் மாதிரியை எந்தக் கணினியிலும் நம்ப முடியாது. மட்டம் 22 அடியைக் கடந்த தருணத்தை இரு படிகளுக்கிடையே இடைக்கணித்து, அங்கிருந்து ஷட்டரைத் திறக்கச் செய்யுங்கள்.

மாணவி

இடைக்கணிப்பைச் சேர்த்த பின், பவ் சார்பை மாற்றாமலேயே இரு வரைபடங்களும் ஒன்றின்மேல் ஒன்று பொருந்துகின்றன. கம்பைலர், ஜிலிப்சி பதிப்புகளையும் தொகுப்புத் தெரிவுகளையும் ஆய்வேட்டில் குறிப்பிடுகிறேன். இருவருக்கும் நன்றி.