ஈரானில் 9 வயதுப் பெண் பிள்ளையை நோன்புக்கு எப்படிப் பழக்குகிறார்கள்?

கேள்வி:
அஸ்ஸலாமு அலைக்கும். சுன்னி வீடுகளில் 7 வயதில் தொழச் சொல்லி, 10 வயதில் கண்டிப்புக் காட்டுவோம். ஈரானின் ஷியா குடும்பங்களில் பெண் பிள்ளைக்கு 9 வயதிலேயே நோன்பும் கடமையாமே. மூன்றாம் வகுப்புப் பிள்ளை எப்படித் தாங்கும்?

பதில் 1:
வ அலைக்குமுஸ்ஸலாம். அந்த 9, பிறைக் கணக்கில் வரும் 9. பிறை ஆண்டு ஏறக்குறைய 11 நாள் குறைவு என்பதால், ஒன்பதாவது பிறந்தநாளுக்குச் சுமார் 98 நாள் முன்பே கடமை வந்துவிடும். பையனுக்குப் பருவ அடையாளம் முன்பே தெரியாவிட்டால் 15 பிறை ஆண்டு, அதாவது பதினான்கரை வயது. பிறந்தநாளை மட்டும் குறித்துவைத்துக்கொண்டு, இடையில் ரமலான் வந்துபோனதைக் கவனிக்காமல் விட்டால் களா, அதாவது பின்னர் ஈடுசெய்ய வேண்டிய நோன்பு, சேர்ந்துவிடும்.

பள்ளியில் 'ஜஷ்னே தக்லீஃப்' என்னும், கடமை வயதை எட்டியதைக் கொண்டாடும் விழா நடத்துவார்கள். வெள்ளைச் சாதர் (உடலை மூடும் போர்வை), தொழுகை விரிப்பு, சுஜூதில் நெற்றி வைப்பதற்கான மண்வில்லை எல்லாம் உண்டு. பிள்ளைக்கு அது பெரிய சந்தோஷம். ஆனால் விழாவன்றுதான் தொடக்கம் என்று இருந்தால் நோன்பு தடுமாறும்.

பழக்குவது 'கல்லே கொஞ்செஷ்கி' என்னும் குருவித்தலை நோன்பில். விடியலுக்கு முந்தைய சஹர் உணவுக்கு வீட்டாரோடு எழுந்து சாப்பிட்டு, நண்பகல் லுஹர் பாங்குவரை பிடித்து, மதியம் உண்டு, மறுபடி அந்தி மக்ரிப்வரை பிடிப்பது. பள்ளியில் சேரும் வயதுக்கு முன்பே இதை ஆரம்பிக்கலாம். வருடத்துக்கு வருடம் மதியச் சாப்பாட்டைத் தள்ளிக்கொண்டே போய், கடமைக்கு முந்தைய கடைசி ரமலானில் நடுநடுவே சில முழு நோன்பு வையுங்கள். தூங்கட்டுமே என்று இரக்கப்பட்டுச் சஹருக்கு எழுப்பாமல் விடாதீர்கள். வெறும் வயிற்றில் வைத்த நோன்பு பத்து மணிக்கே தலைவலியாக மாறும், அந்தப் பயம் அடுத்த வருடமும் போகாது.

கேட்டவர்:
கடமையான பிறகு பாதியில் துவண்டுவிட்டால்?

பதில் 2:
தெஹ்ரானில் ஜூன் மாத நோன்பு 16 மணி நேரத்தைத் தாண்டும். பசிச் சோர்வு மட்டும் காரணமாகாது. தாங்க முடியாத பலவீனம், தலைச்சுற்றல், உடலுக்குக் கேடு வரும் என்ற அச்சம் இருந்தால் உடனே நோன்பைத் திறக்க வேண்டும். அதற்குக் கஃப்பாரா என்னும் குற்றப் பரிகாரம் கிடையாது, களா மட்டும்தான். பகல் குறுகிய டிசம்பரில் 12 மணி நேரத்துக்குள் முடிந்துவிடும், களாவை அப்போது வைப்பதே புத்திசாலித்தனம். நோய் அடுத்த ரமலான்வரை நீடித்தால் நாளுக்கு 750 கிராம் கோதுமையோ அரிசியோ ஏழைக்குக் கொடுப்பது ஃபித்யா (ஈட்டுத் தொகை).

எந்த மர்ஜாவை (மார்க்கத் தீர்ப்புக்குப் பின்பற்றப்படும் மூத்த ஷியா அறிஞரை) பின்பற்றுகிறார்கள் என்பதும் முக்கியம். 2020-ல் மறைந்த ஆயத்துல்லாஹ் யூசுஃப் சானேயி, பெண் பிள்ளைக்கு 13 வயது என்றே தீர்ப்புச் சொன்னவர்.

பதில் 3:
ஒரு சேர்க்கை. பிள்ளை முதல் ஏழாண்டு தலைவன், அடுத்த ஏழாண்டு பணியாள், பிறகு ஏழாண்டு அமைச்சர் என்ற ஹதீஸ் ஈரானிய வீடுகளில் அடிக்கடி காதில் விழும். 9 வயது நடுக்கட்டத்தில் வருவதால், சில தகப்பனார்கள் 'பணியாள்' என்பதை அதட்டலுக்கான அனுமதியாக எடுத்துக்கொள்கிறார்கள். அது ஒழுங்கு கற்கும் பருவம், அவ்வளவுதான். அதட்டி வைத்த நோன்பில் பிள்ளை ஒளிந்து தண்ணீர் குடிக்கும், கேட்டால் பொய் சொல்லும். முதல் முழு நோன்பன்று இஃப்தாரில் (நோன்பு திறக்கும் உணவில்) பிள்ளைக்குப் பிடித்ததைச் சமைத்து, சிறு பரிசும் கொடுங்கள். பாதியில் நோன்பைத் திறந்துவிட்டால் உறவினர் முன்னால் அதைப் பேசவே வேண்டாம்.