64½ மஸ்டாங் ஃபாஸ்ட்பேக் என்கிறார்கள், நம்பலாமா? கூடவே ஒரு நோமேட் சந்தேகம்

பழையவண்டி:
ஒரு ஃபோர்டு மஸ்டாங்கை "64½ ஃபாஸ்ட்பேக்" என்று போட்டு விற்கிறார்கள், அதாவது 1964 நடுவில் வந்த, கூரை பின்முனை வரை ஒரே சரிவாக இறங்கும் வண்டியாம். ஹார்ட்டாப்பின் (நடு பில்லர் இல்லாத, நிலையான கூரை வண்டி) கூரையை வெட்டி ஃபாஸ்ட்பேக் ஆக்குவது உண்டு என்று கேள்விப்பட்டேன். எங்கே பார்த்தால் பிடிபடும்? அதே இடத்தில் 56 செவர்லே இரண்டு கதவு வேகன் ஒன்றும் நிற்கிறது. நோமேட் (செவர்லேயின் உயர்ரக இரண்டு கதவு வேகன்) என்கிறார்கள், ஆனால் படத்தைப் பார்த்தால் ஏதோ இடிக்கிறது.

நாலுகட்டை:
முதல் பொய் விளம்பரத்திலேயே இருக்கிறது. 1964 ஏப்ரல் 17 அன்று மஸ்டாங் வெளிவந்தபோது ஹார்ட்டாப், கன்வர்ட்டிபிள் (மடக்கும் கூரை) இரண்டுதான். ஃபாஸ்ட்பேக் அந்த வருடக் கடைசியில், 65 மாடல் வரிசையில்தான் வந்தது. ஆகவே "64½ ஃபாஸ்ட்பேக்" என்று ஒன்று கிடையாது.

அடுத்து சேஸிஸ் நம்பர். 5-எஃப்-09-சி என்கிற மாதிரி ஆரம்பிக்கும். 5 என்பது மாடல் வருடம் 65 (64 ஏப்ரலில் வந்த வண்டிக்கும் 5தான்). எஃப் டியர்பார்ன் தொழிற்சாலை, ஆர் சான் ஹோசே, டி மெடுச்சன். அதற்கடுத்த இரண்டு இலக்கம்தான் உங்களுக்கு வேண்டியது: 07 ஹார்ட்டாப், 08 கன்வர்ட்டிபிள், 09 ஃபாஸ்ட்பேக். கடைசி எழுத்து இன்ஜின். சி என்றால் இரண்டு பேரல் கார்ப்பரேட்டர் போட்ட 289 கன அங்குல இன்ஜின்.

டிரைவர் கதவில் ரிவெட் அடித்த தகட்டிலும் 63ஏ, 63பி என்று ஃபாஸ்ட்பேக் குறி இருக்கும். அதை மட்டும் நம்பாதீர்கள், புதுத் தகடு காசுக்குக் கிடைக்கிறது. பானெட்டைத் தூக்கி, டிரைவர் பக்க உள் ஏப்ரனின் (இன்ஜினுக்குப் பக்கச் சுவராக நிற்கும் தகடு) மேல் விளிம்பில் குத்தியிருக்கும் நம்பரைப் படியுங்கள். ஃபெண்டர் விளிம்பு பாதியை மறைக்கும், நம்பர் தெரிய அங்கே ஒரு வெட்டு விட்டிருப்பார்கள். நம்பரைச் சுற்றி வெல்டிங் தழும்பு இருந்தால் அந்தத் துண்டே வேறு வண்டியிலிருந்து வந்திருக்கலாம்.

டிங்கர்மணி:
நம்பர் 09 என்றே இருந்தாலும் பின்பக்க உள் டிரிம்மைக் கழற்றிப் பாருங்க. கம்பெனி ஸ்பாட் வெல்ட் சின்ன வட்டக் குழியா, சீரான இடைவெளியில் இருக்கும். நீளமா ஓடின வெல்டும் கிரைண்டர் கோடும் தெரிஞ்சா யாரோ கை வச்சிருக்காங்க. ஆனா துருவுக்காக பேனல் மாத்தின அசல் வண்டியிலும் இது வரும், அதனால தீர்ப்பு நம்பர்தான். பட்டி எவ்வளவு தடிமன்னு பார்க்க காந்தத்தை மெல்லிய துணியில் சுத்தி ஓட்டுங்க, பிடிக்காம வழுக்குற இடம்தான் பட்டி.

எந்த பாடியா இருந்தாலும் அந்தக் கால மஸ்டாங்கில் கௌல்தான் எமன். விண்ட்ஷீல்டுக்கு முன்னால இருக்கிற கிரில்லுக்குக் கீழே ரெண்டு தகடு சேர்ந்த பெட்டி. காத்துத் துவாரத்தோட கழுத்தடியில் இலை சேர்ந்து, ஈரம் காயாம அரிச்சிடும். கார்பெட்டைத் தூக்கிட்டு, கிரில்லில் ஒரு பக்கம் மட்டும் மெதுவா தண்ணி ஊத்துங்க. டாஷ்போர்டு அடியில் டார்ச் அடிச்சு ஒருத்தர் பார்க்கணும். கண்ணாடி மேல ஊத்திடாதீங்க, பீடிங் ரப்பர் ஒழுகினாலும் கௌல் ஒழுகுதுன்னு ஏமாந்துடுவீங்க. ஒழுகினா, உள்ளே சீலன்ட் பூசுறது கொஞ்ச நாளைக்குத்தான். சரியான வேலைன்னா நூத்துக்கு மேல ஸ்பாட் வெல்டை டிரில் பண்ணி மேல்தகட்டை எடுக்கணும்.

வேகன்பித்தன்:
நோமேடுக்கு வருகிறேன். 55 முதல் 57 வரை செவர்லேயில் இரண்டு கதவு வேகன் இரண்டு விதம். சாதாரண ஹேண்டிமேனில் கதவுக் கண்ணாடியைச் சுற்றி ஃபிரேம் இருக்கும், நடு பில்லர் நிமிர்ந்து தடிமனாக நிற்கும். நோமேடில் கதவுக் கண்ணாடிக்கு ஃபிரேமே கிடையாது, ஹார்ட்டாப் மாதிரி. கதவுக்குப் பின்னுள்ள பில்லர் சாய்ந்திருக்கும், கூரையின் பின்பகுதியில் குறுக்கே பள்ளக்கோடுகள் ஓடும், டெயில்கேட்டில் செங்குத்தாக ஏழு குரோம் பட்டைகள். பட்டையை ஒட்டிவிடலாம், பில்லரைச் சாய்க்க முடியாது! அசல் நோமேடாகவே இருந்தாலும் டெயில்கேட் சாய்வாக இருப்பதால் தண்ணீர் உள்ளே இறங்கும், பின் தளத்தை விரிப்பை நீக்கிப் பாருங்கள்.

பழையவண்டி:
போய்ப் பார்த்தேன். வேகனில் கதவைச் சுற்றி ஃபிரேம், பில்லர் நட்டமாக. மஸ்டாங் கதவுத் தகட்டில் 63ஏ, ஏப்ரனில் 5-ஆர்-07-சி.

நாலுகட்டை:
07 என்றால் ஹார்ட்டாப். தகடு பிறகு ஒட்டியது. கூரை வெல்டிங் உறுதியாக இருந்தால், மாற்றிய வண்டி என்று எழுதி வாங்கிக்கொண்டு ஹார்ட்டாப் விலையிலிருந்து பேச ஆரம்பியுங்கள். அந்த 56 ஹேண்டிமேன். ஹேண்டிமேன் விலைக்குக் கொடுத்தால் மோசமில்லை.