மான்களுக்காக விதைத்த தட்டைப்பயறு பத்தே நாளில் மொட்டை. அடுத்து என்ன விதைக்கலாம்?

காட்டோரம்:
வணக்கம். என் நிலத்தின் ஒரு எல்லை காட்டை ஒட்டியது. சும்மா கிடந்த அரை ஏக்கரை மான்களுக்கென்றே விட்டுவிடலாம் என்று உழுது தட்டைப்பயறு விதைத்தேன். முளைப்பு அருமை. நாலு இலை வந்ததும் மேய ஆரம்பித்தவை, பத்தே நாளில் எல்லாவற்றையும் குச்சியாக்கிவிட்டன. அந்தக் குச்சியும் இப்போது காய்கிறது. குட்டியோடு ஒரு பெண்மான் தினமும் சாயங்காலம் வருகிறது. விலா எலும்பு தெரிகிறது. அது வெறும் மண்ணை மோந்துவிட்டுப் போவதைப் பார்க்க மனசு கேட்கவில்லை. இப்போதைக்கு மக்காச்சோளம் ரெண்டு மூட்டை கொட்டி வைக்கலாமா? எதை விதைத்தால் மேய்ச்சலுக்குத் தாங்கும்?

மசால்காடு:
மூட்டை வேண்டவே வேண்டாம், தயவுசெய்து. மான் அசைபோடும் பிராணி. தழை தின்று பழகிய வயிற்றில் தழையைச் செரிக்கும் நுண்ணுயிர்கள்தான் நிறைந்திருக்கும். அவை புதுத் தீனிக்கு மாறவே ரெண்டு மூணு வாரம் ஆகும். அதற்குள் வயிறு முட்ட தானியம் தின்றால் அமிலம் ஏறிச் செத்துப்போகும். ஒரு வறட்சியில் பக்கத்து நிலத்துக்காரர் இரக்கப்பட்டுத்தான் கொட்டினார். மூணாம் நாள் காலையில் குவியலுக்குப் பக்கத்திலேயே ஒரு பெண்மான் கிடந்தது. வயிறு உப்பியிருந்தது, வாயோரம் ரெண்டு சோளமணி. இன்னும் என் கண்ணை விட்டுப் போகவில்லை.

நோய்ப் பயமும் உண்டு. 1967-ல் அமெரிக்காவின் கொலராடோவில் முதலில் தெரியவந்த மான் மெலிவு நோய் எச்சில், சிறுநீர், புழுக்கை வழியாகப் பரவுவது. பரவிய மண்ணில் வருடக்கணக்கில் தங்கும். ஒரே குவியலில் பத்து மான் வாய் வைப்பதும், அரை ஏக்கரில் பரவி மேய்வதும் ஒன்றல்ல.

இனி விதைப்பு. தட்டைப்பயறுக்கு வளரும் நுனி உச்சியில் இருக்கிறது. இளசிலேயே விதையிலைக்குக் கீழே கடிபட்டால் மறுபடி துளிர்க்காது. பெரிய பரப்பென்றால் மான் தின்றது போக மிஞ்சும், அரை ஏக்கரில் மிஞ்சாது. அதனால் ஓட்ஸும் வெள்ளை க்ளோவரும் (பயறு வகைத் தீவனச் செடி) கலந்து போடுங்கள். ஓட்ஸின் வளரும் முனை இளம்பருவத்தில் மண்ணை ஒட்டியே இருப்பதால் மேய மேயத் தழைக்கும், க்ளோவருக்கு நிழலும் கொடுக்கும். க்ளோவர் தரையோடு ஓடி, கணுவுக்குக் கணு வேர் விடுகிற செடி. நுனியைக் கடித்தாலும் கவலையில்லை.

அதற்கு முன் மண் பரிசோதனை. க்ளோவருக்குக் கார அமில நிலை (pH) 6-லிருந்து 7-க்குள் இருக்க வேண்டும். புளித்த, அதாவது அமிலம் மிகுந்த மண்ணென்றால் சுண்ணாம்பு போட்டுச் சில மாதம் விட்டுத்தான் விதைக்கணும். நான் அவசரப்பட்டு ஒரு வருடத்து விதையைப் பாழாக்கினேன், மஞ்சள் மஞ்சளாக நின்றே போனது. க்ளோவர் விதை கடுகை விடச் சிறிசு, அரை சென்டிமீட்டருக்குக் கீழே போனால் மேலே வருவது கஷ்டம். ஓட்ஸை முதலில் விதைத்து மூடிவிட்டு, மேலாக க்ளோவரைத் தூவி, மண்ணை மிதித்து அமுக்கினாலே போதும். க்ளோவர் விதையோடு ரைசோபியம் (வேரில் தங்கிக் காற்றிலிருந்து தழைச்சத்தைப் பிடித்துக் கொடுக்கும் நுண்ணுயிர்) கலக்க மறக்காதீர்கள்.

புல்தரை:
ஒரு சந்தேகம், தின்றது மான்தானா? மானுக்கு மேல்வாயில் முன்பற்கள் கிடையாது. கீழ்ப்பல்லால் அழுத்திப் பிய்க்கும், தண்டு நார் நாராகக் கிழிந்திருக்கும். முயல் கத்தியால் சீவியது போலச் சாய்வாக வெட்டும். குச்சியைக் குனிந்து பாருங்கள். அடுத்த விதைப்பில் ஒரு மீட்டர் அகலத்துக்குக் கம்பிவலைக் கூண்டு ஒன்றும் நடுங்கள். உள்ளே வளர்ந்ததையும் வெளியே நிற்பதையும் பார்த்தால் எவ்வளவு மேய்கிறது என்று தெரியும்.

காட்டோரம்:
இப்போதுதான் போய்ப் பார்த்தேன். காட்டோரம் பத்தடிக்குத் தண்டெல்லாம் கிழிந்திருக்கிறது. நடுவில் நிற்பவை அத்தனையும் சாய்வாகச் சீவியவை! பாதிக்கு மேல் முயல்தான். மூட்டை வாங்கவில்லை. மண் எடுத்துவிட்டேன், நாளைக்குப் பரிசோதனைக்குக் கொடுக்கிறேன். க்ளோவர் வேர் பிடிக்கும்வரை முயல் நுழையாமல் தாழ்வாக வலை கட்டினால் குட்டிமான் காலில் சிக்குமா?

மசால்காடு:
தொய்வாகக் கட்டினால் சிக்கும். சிறு கண் உள்ள கம்பிவலையாக வாங்கி, முழங்கால் உயரத்துக்கு இழுத்துக் கட்டி, அடியை மண்ணுக்குள் புதைத்துவிடுங்கள். மான் தாண்டிவிடும்.