சுண்ணாம்புப் பூச்சு தெரிந்த கொத்தனார் வேண்டும்

எல்லோருக்கும் வணக்கம். ஆகஸ்ட் 22 மெட்ராஸ் தினத்தையொட்டிய மரபு நடையில் இந்த வருஷமும் தன்னார்வலராக இருக்கிறேன். ஐஸ் ஹவுஸில் தொடங்கி, கடற்கரைச் சாலையோடு மாநிலக் கல்லூரி வழியாக, கட்டடக் கலைஞர் ராபர்ட் சிசோம் வடிவமைத்து 1879-ல் கட்டி முடித்த சென்னைப் பல்கலைக்கழக செனட் ஹவுஸ் வரை நடக்கிறோம்.

போன வருஷம் ஒரு பாட்டி ஐஸ் ஹவுஸ் சுவரைத் தடவிக்கொண்டே, "அமெரிக்கால இருந்து கப்பல்ல வந்த ஐஸ் எப்படிப்பா உருகாம இருந்துச்சு?" என்று கேட்டார். மரத்தூளில் பொதிந்து கொண்டுவந்ததைச் சொன்னேன். அடுத்த கேள்வி பழைய மெட்ராஸ் பூச்சைப் பற்றி. சுண்ணாம்பு, மணல், கடுக்காய், வெல்லம், முட்டை வெள்ளைக்கரு என்றேன். "எத்தனை நாள் ஊறணும்? பதம் எப்படித் தெரியும்?" அதை அந்தச் சாந்தைக் கையால் அரைத்தவர்தான் சொல்ல வேண்டும்.

அப்படி வேலை பார்த்த வயதான கொத்தனார் உங்கள் வீட்டிலோ தெருவிலோ இருந்தால் சொல்லுங்கள். நடை நடக்கும் ஞாயிறு காலை பத்து நிமிஷம் பேசினால் போதும். ஆட்டோவில் நானே அழைத்துவந்து, திரும்பக் கொண்டுபோய் விடுகிறேன். அன்றைய கூலியும் கொடுத்துவிடுவோம்.

கூட்டத்தின் கடைசியில் பெரியவர்களோடு மெதுவாக நடந்து, சாலை கடக்க உதவ இரண்டு பேரும் தேவை. வரமுடிகிறவர்கள் இங்கேயே பதில் போடுங்கள்.