குவாரண்டைனுக்குத் தமிழ்: திங்கள்கிழமைக்குள் வேண்டும்

காரைக்குடி, அலுவலக மொழிபெயர்ப்பாளர்:
எல்லோருக்கும் வணக்கம். இங்கே சில பள்ளிகள் நடத்தும் ஓர் அறக்கட்டளைக்கு மின்னஞ்சல் இணைப்பு (அட்டாச்மென்ட்) விதிகளைத் தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறேன், திங்கள்கிழமை அச்சுக்குப் போகிறது. பெரும்பகுதி முடிந்தது. வரம்பு 25 எம்பி, ஆனால் அனுப்பும்போது குறியாக்கத்தில் கோப்பு மூன்றில் ஒரு பங்கு பருத்துவிடுவதால் 18 எம்பியோடு நிறுத்துங்கள். இஎக்ஸ்இ, விபிஎஸ் என்று முடியும், திறந்தாலே இயங்கிவிடும் நிரல் கோப்புகளுக்கு அனுமதியே இல்லை. கடவுச்சொல் போட்ட ஜிப்பை வைரஸ் சோதிப்பான் திறந்து பார்க்க முடியாது, அதனால் அதுவும் நிற்கும். இதெல்லாம் சரி. சந்தேகமான இணைப்பை சர்வர் பிடித்துத் தனியே வைக்கிறதே, அந்தக் குவாரண்டைனுக்கு என்ன போடுவது? ‘தனிமைப்படுத்தல்’ என்று எழுதிக் காட்டினேன். கணக்கர் அக்கா, “மெயிலுக்கும் கொரோனாவா தம்பி?” என்கிறார்.

தேவகோட்டை, தமிழாசிரியர் (ஓய்வு):
கண்ணகி பாண்டியனை எப்படி அழைத்தாள்? ‘தேரா மன்னா’. ஆராயாத மன்னனே என்று பொருள். தேர்தல் என்றால் ஆராய்தல், ஓட்டுப் போடுவது பிறகு வந்தது. ஆராய்ந்து முடியாத இணைப்பு ‘தேரா இணைப்பு’, அது கிடக்கும் இடம் ‘தேராப் பெட்டி’. ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம், வல்லினம் மிகும். இரண்டாயிரம் ஆண்டு வழக்கு கையில் இருக்கும்போது குவாரண்டைன் என்ற பெயருக்குக் காரணமான, வெனிஸ்காரன் நோய்க்குப் பயந்து கப்பலை நாற்பது நாள் நிறுத்திய கதையை நாம் ஏன் சுமக்க வேண்டும்?

பள்ளத்தூர், கணினி ஆசிரியை:
ஐயா, சொல் அழகுதான். ஆனால் எங்கள் பிள்ளைகளுக்கு இடையினமும் வல்லினமும் ஒன்றுதான். ‘தேறாப் பெட்டி’ என்று படித்துவிட்டு, ஃபெயிலான பேப்பரெல்லாம் அதில் இருக்கிறதா என்று கேட்பார்கள். ‘ஒதுக்கிடம்’ போதாதா?

கானாடுகாத்தான்:
ஒதுக்கிடம் வேண்டாம் ஆச்சி. பாதிப் பேர் இட ஒதுக்கீடு என்று நினைப்பார்கள், மீதிப் பேருக்கு ஊரைவிட்டு ஒதுக்கி வைப்பது ஞாபகம் வரும். நம்மிடமே சொல் இருக்கிறது: கிடங்கு. பர்மாவிலும் பினாங்கிலும் நம் செட்டியார்கள் கடை போட்ட இடத்துக்குக் கிட்டங்கி என்று பெயர். கடையை நிர்வகிக்கும் மேலாள், அவருக்கு அடுத்தாள், பெட்டியடிப் பையன் எல்லோரும் அங்கேதான். ஆங்கிலேயன் சொல்லும் கோடவுன் மலாய் வழியாகப் போனது, அதற்கும் வேர் நம் கிடங்குதான் என்பது என் கட்சி. கிட என்ற வினையிலிருந்து கிடக்கை, கிடை, கிடங்கு என்று வரிசையாக வரும். ஆட்டுக்கிடைகூட அதுதான், ராத்திரிக்கு அடைத்து வைப்பது. இன்னும் போனால்

காரைக்குடி:
அண்ணே, இன்னும் போக வேண்டாம். கிடங்கு என்றால் பத்திரமாகச் சேமித்து வைத்திருக்கிறார்கள் என்று நினைப்பார்கள். இங்கே இருப்பதோ தொடக்கூடாத சரக்கு.

பள்ளத்தூர்:
அதுதான் விஷயம். போன மாதம் ஒருவருக்கு வந்தது: ‘கட்டண விவரம்.பிடிஎஃப்.இஎக்ஸ்இ’. விண்டோஸ் கோப்புப் பெயரின் கடைசி ஒட்டைக் காட்டாமல் விடுவதால் அவர் கண்ணுக்குப் பிடிஎஃப் மட்டும்தான் தெரிந்தது. 2000 மே மாதம் உலகத்தையே அலைக்கழித்த காதல் கடித வைரஸும் இதே வித்தைதான், டிஎக்ஸ்டிக்குப் பின்னால் விபிஎஸ் ஒளிந்திருந்தது. நல்லவேளை, சர்வர் பிடித்துவிட்டது. அவர் என்ன செய்தார் தெரியுமா, “ஃபீஸ் ரசீது, உடனே விடுங்கள்” என்று அட்மினோடு சண்டை. ஆகவே சொல்லைப் படித்ததும் மூன்று விஷயம் புரிய வேண்டும்: கோப்பு அழியவில்லை, நிற்கிறது, தானே எடுக்க முடியாது. கண்ணகி வராவிட்டாலும் பரவாயில்லை.

தேவகோட்டை:
கண்ணகி வராவிட்டாலும் பரவாயில்லையா! மேலைச்சிவபுரியில் பிறந்த வ.சுப. மாணிக்கனார் தமிழ்வழிக் கல்விக்கு இயக்கம் நடத்திய மண் இது. புதுச்சொல் முதலில் இடறத்தான் செய்யும். ‘பேருந்து’ இடறவில்லையா?

கோட்டையூர்:
ஐயா, இன்றும் எங்கள் தெருவில் பஸ்தான் வருகிறது. நான் சொல்வது ‘நிறுத்திவைப்பு’. இலங்கைக்குப் போன தோட்டத் தொழிலாளர்களை ராமேஸ்வரம் பக்கத்து மண்டபம் ஊர் முகாமில் நிறுத்திவைத்துச் சோதித்துத்தானே கப்பல் ஏற்றினார்கள்? அதே வேலைதான் இதுவும்.

கானாடுகாத்தான்:
ஊதிய உயர்வு நிறுத்திவைப்பு என்று அரசு அலுவலகத்தில் ஒரு தண்டனை உண்டு. சுற்றறிக்கையைப் பார்த்ததும் பாதி ஊழியருக்கு வயிற்றைக் கலக்கும். அதுவும் ‘வைப்பு’ என்றால் இந்த ஊரில் டெபாசிட். வட்டி எவ்வளவு என்று கேட்கப் போகிறார்கள்.

காரைக்குடி:
நேரமாகிவிட்டது. கோட்டையூர், பள்ளத்தூர், நான், மூன்று பேர் ஒரு பக்கம். இப்படிப் போட்டுவிட்டேன்: “சந்தேகமான இணைப்புகள் நிறுத்திவைக்கப்படும். நிறுத்திவைத்த கோப்பை அட்மின் சோதித்த பிறகே விடுவிப்பார்.” பெயர்ச்சொல்லையே தவிர்த்துவிட்டேன், வினையில் யாருக்கும் குழப்பம் இல்லை. திரையில் பொத்தானுக்கு மேல் மட்டும் ‘நிறுத்திவைப்பு’ இருக்கும்.

தேவகோட்டை:
கலைச்சொல் கேட்டீர்கள், வாக்கியம் எழுதிவிட்டு முடிந்தது என்கிறீர்கள். என் மறுப்பைப் பதிவுசெய்யுங்கள். அப்புறம் ‘அட்மின்’ எப்படி உள்ளே வந்தார்? அதைத் தனி இழையில் கேட்கிறேன்.

கானாடுகாத்தான்:
மேலாள்.