பிரைட்டன் அரண்மனையின் குவிமாடங்களுக்கும் இந்தியர்களுக்கும் என்ன தொடர்பு?

கேட்டவர்: நெய்தல்வாசி

இங்கிலாந்தின் தென்கரையில் உள்ள பிரைட்டனின் வரலாற்றைப் படித்து வருகிறேன். கடல்நீரில் குளிப்பதும் அதைக் குடிப்பதும் நோய் தீர்க்கும் என்று 1750இல் நூல் எழுதிய மருத்துவர் ரிச்சர்ட் ரஸ்ஸலால் அந்த மீனவர் ஊர் செல்வர்கள் நாடும் இடமாயிற்று என்பதும், பின்னாளில் நான்காம் ஜார்ஜ் ஆன இளவரசர் 1783 முதல் அங்கே வரத் தொடங்கினார் என்பதும் தெளிவாகவே இருக்கின்றன. குழப்பம் அவருடைய அரண்மனையில்தான். முகலாயக் கட்டடம் போன்ற அந்தக் குவிமாடங்களில் இந்தியர் பங்கு ஏதேனும் உண்டா? முதல் உலகப் போரில் காயமுற்ற இந்தியச் சிப்பாய்களுக்காக அரசர் தம் அரண்மனையையே விட்டுக்கொடுத்தார் என்று சொல்கிறார்களே, அது உண்மையா?

கல்தச்சன்

கட்டடத்தில் இந்தியர் பங்கு இல்லை. 1787இல் ஹென்றி ஹாலண்ட் கட்டிய மாளிகை ஐரோப்பிய மரபில்தான் இருந்தது. அங்கே இந்தியச் சாயலை முதலில் பெற்றவை குதிரைகளே: வில்லியம் போர்டன் 1803இல் தொடங்கிய பெருங்குவிமாட லாயம் இன்று இசையரங்காக இருக்கிறது. அதன்பின் 1815 முதல் 1822 வரை ஜான் நாஷ், பழைய மாளிகையின்மேல் வார்ப்பிரும்புச் சட்டங்களை நிறுத்திக் குவிமாடங்களை எழுப்பினார். அவர் இந்தியாவைப் பார்த்ததே இல்லை. தாமஸ் டேனியல், வில்லியம் டேனியல் ஆகியோரின் இந்திய ஓவியங்களே அவருக்கு வழிகாட்டின. உள்ளே நுழைந்தாலோ எங்கும் சீனப் பாணி, விருந்துக்கூடத்தின் விளக்கைத் தாங்குவதும் டிராகன்தான். என் கருத்தில் இது ஓர் இளவரசரின் கீழ்த்திசைக் கனவேயன்றி இந்தியக் கட்டடக்கலை அன்று.

பழஞ்சுவடி

இரண்டாம் கேள்விக்கு விடை: இல்லை. ஊரார் நெருங்கிச் சூழ்ந்திருந்த அந்த மாளிகை விக்டோரியா அரசிக்குப் பிடிக்கவில்லை. 1845க்குப் பிறகு அவர் அங்கே தங்கவில்லை. 1850இல் நகரமே அதை விலைக்கு வாங்கிவிட்டது. ஆகவே 1914 டிசம்பரில் அது இந்தியர் மருத்துவமனையானபோது, விட்டுக்கொடுக்க அரசரிடம் அங்கே எதுவும் இல்லை. ஆனாலும் அரசரின் கொடை என்ற எண்ணம் பரவுவது ஆட்சியாளர்களுக்கு வசதியாக இருந்தது. மருத்துவமனையைப் பற்றி ஆங்கிலம், பஞ்சாபி (குர்முகி எழுத்தில்), உருது ஆகிய மொழிகளில் படங்களோடு ஒரு சிறுநூலே அச்சிட்டார்கள்.

அதற்காகப் பராமரிப்பைக் குறைத்து மதிப்பிட வேண்டியதில்லை. சாதி, சமய வழக்கங்களுக்கேற்ப ஒன்பது சமையற்கூடங்கள் இருந்தன. இந்துக்களுக்கும் முஸ்லிம்களுக்கும் தனித்தனிக் குடிநீர்க் குழாய்கள் இருந்தன. ஆயினும் நோயாளிகள் நினைத்தபோது வெளியே செல்ல முடியவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். 1916 தொடக்கத்தில் மருத்துவமனை மூடப்பட்டது.

வெண்மணல்

கல்தச்சன் ஐயா சொன்னது கட்டடத்துக்குப் பொருந்தும், ஊருக்குப் பொருந்தாது. 1759இல் பாட்னாவில் பிறந்து, 1810இல் லண்டனில் இந்திய உணவகம் தொடங்கிய சேக் தீன் முகம்மது, பின்னர் பிரைட்டனில் குடியேறி, கடற்கரையருகே மூலிகை நீராவிக் குளியலும் உடல் பிடித்துவிடுதலும் நடத்திப் பெரும் புகழ் பெற்றார். நான்காம் ஜார்ஜும் அடுத்து வந்த நான்காம் வில்லியமும் அவரைத் தம் பணிக்கு அமர்த்திக்கொண்டனர். 1851இல் மறைந்த அவருடைய கல்லறை புனித நிக்கோலஸ் தேவாலய வளாகத்தில் உள்ளது. அந்த ஊரின் பெயரை வளர்த்தவர்களில் ரஸ்ஸலுக்கு அடுத்த இடத்தை நான் இவருக்கே தருவேன்.

அரண்மனையின் தெற்கு வாயில், மருத்துவமனைக்கு நன்றியாக இந்தியா அளித்தது. 1921இல் பாட்டியாலா மகாராஜா அதைத் திறந்துவைத்தார். பிரிட்டனுக்காகப் போரிட்டுக் காயமுற்றவர்களின் நாடே நன்றியும் செலுத்தியது என்பது எனக்கு இன்றும் உறுத்தலாகத்தான் இருக்கிறது. பிரைட்டன் மருத்துவமனைகளில் இறந்த இந்து, சீக்கிய வீரர்கள் 53 பேர் பிரைட்டனின் பாச்சம் பகுதிக்கு மேலே உள்ள குன்றுகளில் தகனம் செய்யப்பட்டனர். முஸ்லிம் வீரர்கள் லண்டனுக்குத் தென்மேற்கே உள்ள வோக்கிங் நகரருகே அடக்கம் செய்யப்பட்டனர். தகன இடத்தில் எழுப்பிய 'சத்ரி' என்னும் வெண்பளிங்கு மண்டபத்தை 1921 பிப்ரவரி 1 அன்று வேல்ஸ் இளவரசர் திறந்துவைத்தார். அந்த 53 பேரின் பெயர்களைத் தாங்கிய கல் அதனருகே 2010இல்தான் வந்தது. நீங்கள் நேரில் போவதாக இருந்தால், மண்டபம் வரை வண்டி செல்லாது, புல்வெளிப் பாதையில் நடக்க வேண்டும். ஆண்டுதோறும் ஜூன் மாதத்தில் அங்கே நினைவு நிகழ்ச்சி நடைபெறுகிறது.